வெள்ளத்தில் நின்றுகொண்டு போடும் பதிவு யாரிடம் போய்ச் சேருகிறது?

2023 டிசம்பர் 5. மிக்ஜாம் புயல் ஆந்திரப் பக்கம் கரையேறப் போய்விட்டது. சென்னையில் தண்ணீர் மட்டும் வடியவில்லை. காரப்பாக்கத்தில் இருந்து நடிகர் விஷ்ணு விஷால் எக்ஸ் (முன்பு ட்விட்டர்) தளத்தில் ஒரு பதிவு போட்டார். வீட்டுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, கரண்ட் இல்லை, வைஃபை இல்லை, மொட்டை மாடியில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்றால் மட்டும் கொஞ்சம் சிக்னல் கிடைக்கிறது என்பது அதன் சாரம். அன்றே தீயணைப்பு மீட்புத் துறையின் படகு வந்தது. மீட்கப்பட்டவர்களோடு இந்தி நடிகர் ஆமிர் கானும் இருந்த படம் வெளியானதும் அது நாடு முழுக்கச் செய்தியாகிவிட்டது.

கூடவே சண்டையும் வந்தது. நடிகர் என்றால் படகு வரும், எங்கள் தெருவுக்கு வராதா என்று ஒரு பக்கம். காரப்பாக்கத்தில் ஏற்கெனவே மூன்று படகுகள் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன் என்று அவரே எழுதியிருக்கிறாரே என்று இன்னொரு பக்கம். இரண்டு தரப்பும் ஒன்றை ஏற்றுக்கொண்டேதான் சண்டை போட்டன: பதிவைப் பார்த்துத்தான் படகு வந்தது. ஆனால் உதவி கேட்டுத் தொடர்புகொண்டிருக்கிறேன் என்று அதே பதிவில் அவர் சொல்லியிருந்தார். பதிவால் வந்ததா, அந்த அழைப்பால் வந்ததா, எப்படியும் அந்தத் தெருவுக்கு வர வேண்டிய படகா என்று வெளியில் இருக்கிற நமக்குத் தெரிய வழியில்லை.

தெரியாத இந்த இடத்தில்தான் பொதுமக்களின் எண்ணம் உருவாகிறது. பேரிடர் நேரத்தில் சமூக ஊடகத்தைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள், அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது, அமைப்பு உண்மையில் எப்படி வேலை செய்கிறது என்பதை அடிப்படையில் இருந்து பார்ப்போம்.

ஒரே பெயரில் மூன்று வேலைகள்

ஆபத்து நேரத்தில் சமூக ஊடகத்தை நம்பலாமா என்று மொத்தமாகக் கேட்டால் குழப்பமான பதில்தான் வரும். ஏனென்றால் அந்த ஒரு பெயருக்குள் மூன்று வெவ்வேறு வேலைகள் இருக்கின்றன.

1. மேலிருந்து கீழே வருவது. ஏரி திறப்பு, புயல் எச்சரிக்கை, பள்ளி விடுமுறை, எந்தச் சுரங்கப்பாதை மூடியிருக்கிறது என்பது மாதிரியான அறிவிப்புகள். மாநகராட்சி, ஆட்சியர், வானிலை மையம் போன்ற அமைப்புகள் பேசும், மக்கள் கேட்பார்கள்.

2. கீழிருந்து மேலே போவது. "முதல் மாடி வரை தண்ணீர், அப்பாவுக்கு டயாலிசிஸ் நாள் தள்ளிப்போகிறது, படகு அனுப்புங்கள்." இது கூக்குரல்.

3. பக்கவாட்டில் ஓடுவது. பத்திரமாக இருக்கிறேன் என்று சொந்தக்காரர்களுக்குச் சொல்வது, எந்தக் கடையில் பால் இருக்கிறது, எந்தக் கல்யாண மண்டபத்தில் சாப்பாடு போடுகிறார்கள் என்று பகிர்வது.

மூன்றாவதைப் பற்றி யாருக்கும் பெரிய புகார் இல்லை. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது ஃபேஸ்புக் தன்னுடைய 'பத்திரமாக இருக்கிறேன்' வசதியைச் சென்னைக்குத் திறந்துவிட்டது. வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோருக்கு அது ஒன்றே போதுமானதாக இருந்தது. முதல் வேலையிலும் சிக்கல் குறைவு. சந்தேகம் இருந்தால் செய்தித் தொலைக்காட்சியைப் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். சண்டை முழுவதும் இரண்டாவது வேலையில்தான். மக்கள் அந்தப் பதிவைப் போன் அழைப்பாக நினைத்துப் போடுகிறார்கள். அரசோ தன் பக்கத்தைச் சுவரொட்டி ஒட்டுகிற சுவராக நினைத்து வைத்திருக்கிறது. சுவரைப் பார்த்துக் கத்தினால் யார் பதில் சொல்வது?

போன் இருக்கும்போது பதிவு எதற்கு?

அவசர எண் 112-ஐ அழைக்காமல் எக்ஸில் எழுதிக்கொண்டிருக்கிறார்களே என்று அதிகாரிகள் தரப்பில் ஒரு சலிப்பு உண்டு. அந்தச் சலிப்பு பாதிதான் நியாயம். வெள்ள நேரத்தில் போன் பேச முடியாமல் போவதற்குத் தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது.

குரல் அழைப்பு என்றால், பேச ஆரம்பித்ததில் இருந்து முடிக்கும் வரை அறாத ஒரு வழி வேண்டும். ஒரு டவரில் ஒரே நேரத்தில் இத்தனை பேருக்குத்தான் அந்த வழி கிடைக்கும் என்று வரம்பு உண்டு. ஊரே ஒரே நிமிடத்தில் போனை எடுத்தால் பாதிப் பேருக்குப் பிஸி டோன்தான். எழுத்துப் பதிவு அப்படியல்ல. அது மிகச் சிறியது. ஒரு நொடி இடைவெளி கிடைத்தால் போய்விடும், கிடைக்காவிட்டால் திரும்பத் திரும்ப முயலலாம். மொட்டை மாடியில் ஒரு மூலையில் மட்டும் ஒரு கோடு சிக்னல் கிடைக்கிறவருக்குப் பேச்சு அறுந்து போகும், பதிவு போய்ச் சேரும்.

டவரே எவ்வளவு நேரம் தாங்கும் என்பது அடுத்த கேள்வி. கரண்ட் போனதும் டவர் பேட்டரியில் ஓடும், அதன் பிறகு டீசல் ஜெனரேட்டரில். டீசல் கொண்டுபோகும் சாலையில் இடுப்பளவு தண்ணீர் நின்றால் அதுவும் முடிந்தது. பழைய செம்புக்கம்பித் தரைவழித் தொலைபேசிக்கு மின்சாரம் தொலைபேசி நிலையத்தில் இருந்தே கம்பி வழியாக வரும். அதனால் வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் அது வேலை செய்யும். இன்று பெரும்பாலான வீடுகளில் அந்தக் கம்பி இல்லை.

இவை தவிர ஒரு மனக்கணக்கும் இருக்கிறது. கட்டுப்பாட்டு அறைக்குப் போட்ட அழைப்பை எடுக்கவில்லை என்றால் அந்த முயற்சிக்கு ஒரு தடயமும் இல்லை. பதிவு அங்கேயே நிற்கும். அதிகாரி பார்க்காவிட்டாலும் பக்கத்துத் தெருக்காரர் பார்ப்பார், பத்திரிகையாளர் பார்ப்பார், கவுன்சிலரின் மச்சான் பார்ப்பார். யாராவது ஒருவர் பார்ப்பார் என்ற அந்த நம்பிக்கைதான் மக்களைப் பதிவு பக்கம் தள்ளுகிறது.

எதிர்பார்ப்பு முன்னால் ஓடுகிறது

இந்த எதிர்பார்ப்பு புதிதல்ல. 2010-ல் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் இணையம் பயன்படுத்தும் ஆயிரத்துச் சொச்சம் பேரிடம் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தியது. மீட்புத் துறையினர் சமூக ஊடகங்களைக் கவனித்து உடனே உதவி அனுப்ப வேண்டும் என்று 69 சதவீதம் பேர் சொன்னார்கள். பதிவு போட்டால் ஒரு மணி நேரத்துக்குள் ஆள் வந்துவிட வேண்டும் என்று 74 சதவீதம் பேர் எதிர்பார்த்தார்கள். ட்விட்டர் தொடங்கி நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. எந்தத் தீயணைப்பு நிலையமும் இப்படி ஒரு சேவை தருவதாக வாக்குக் கொடுக்கவில்லை. கொடுக்காத வாக்கை மக்கள் வாங்கிக்கொண்டுவிட்டார்கள்.

அதிகாரப்பூர்வ பதில் எல்லா நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: தயவுசெய்து இங்கே உதவி கேட்காதீர்கள். 2012-ல் சாண்டி புயலின்போது நியூயார்க் தீயணைப்புத் துறையின் ட்விட்டர் பக்கம் அவசர அழைப்புகளை ட்வீட்டாகப் போட வேண்டாம் என்று எழுதியது. எழுதிய கையோடு, அந்தப் பக்கத்தைக் கவனித்துக்கொண்டிருந்த ஊழியர் இரவு முழுக்க உட்கார்ந்து, வந்த கூக்குரல்களை ஒவ்வொன்றாகக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிக்கொண்டும் இருந்தார். விதி ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம். 2017-ல் ஹார்வி புயலில் ஹூஸ்டன் மூழ்கியபோது அமெரிக்கக் கடலோரக் காவல்படையும் இதையே சொன்னது. 911 என்ற அவசர எண் கிடைக்காமல் தவித்தவர்கள் அதைக் கேட்கிற நிலையில் இல்லை.

அந்த ஹூஸ்டன் வெள்ளத்தில் ஒரு படம். டிக்கின்சன் என்ற ஊரில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் வயதான பெண்கள் இடுப்பளவு அழுக்குத் தண்ணீரில் சாய்வு நாற்காலிகளிலும் சக்கர நாற்காலிகளிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். இது ஜோடிக்கப்பட்ட படம் என்று பலர் ட்விட்டரில் அடித்துச் சொன்னார்கள். படம் உண்மை. அன்றே அவர்கள் மீட்கப்பட்டார்கள். பொய்ப் படங்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண், உண்மையைப் பார்த்தபோதும் முதலில் சந்தேகப்பட்டது.

பதிவில் என்ன குறைகிறது?

அவசர எண்ணுக்கு அழைத்தால் எதிர்முனையில் இருப்பவர் சில கேள்விகள் கேட்பார்: எங்கே, எத்தனை பேர், என்ன நிலை. பதில்கள் ஒரு பதிவேட்டில் ஏறும், எண் விழும், ஒரு வண்டியின் பெயரில் எழுதப்படும். யாருடைய பொறுப்பு என்பது அங்கே முடிவாகிவிடுகிறது.

பதிவில் இவை எதுவும் இல்லை. இருப்பிடம்கூட இல்லை. கைப்பேசியில் எடுத்த படத்துக்குள் எந்த இடத்தில் எடுத்தது என்ற விவரம் பொதிந்திருக்கும். ஆனால் எக்ஸோ ஃபேஸ்புக்கோ, தனியுரிமைக்காக, படத்தைப் போடும்போதே அந்த விவரத்தை நீக்கிவிடும். சாதாரண நாளில் நல்ல காரியம். வெள்ள நாளில், "எங்கள் வீட்டு வாசல்" என்று படம் போட்டவரின் வாசல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க யாராவது அவருக்குப் போன் போட வேண்டும். அவர் போனில் சார்ஜ் இருக்காது.

ஒரு ஃபார்வர்டை எடுத்துக்கொள்வோம். மாதிரிக்கு நாமே எழுதியதுதான், ஆனால் ஒவ்வொரு மழையிலும் இதன் சாயலில் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றும்:

"அவசரம்!! மடிப்பாக்கத்தில் நிறைமாதக் கர்ப்பிணி மாட்டிக்கொண்டிருக்கிறார். இப்போதே படகு தேவை. தயவுசெய்து அதிகம் பகிரவும்."

இதில் 'இப்போதே' என்பது எப்போது? தேதி இல்லை, மணி இல்லை. மடிப்பாக்கத்தில் எந்தத் தெரு? யார் எழுதியது? 'அதிகம் பகிரவும்' மட்டும் தெளிவாக இருக்கிறது. அந்தப் பெண்ணை இரண்டு மணி நேரம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் டிராக்டரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கலாம். செய்திக்கு அது தெரியாது. மறுநாளும் அது 'இப்போதே' என்றுதான் ஓடிக்கொண்டிருக்கும். அதை நம்பி ஒரு படகு போனால், அந்த நேரத்தில் வேறு ஒரு தெருவில் நிஜமாகவே மாட்டிக்கொண்டவருக்குப் படகு இல்லை.

2015-ம் 2018-ம் சொன்னது

சமூக ஊடகத்தின் மேல் தமிழ்நாட்டு மக்களுக்கு இருக்கும் நல்லெண்ணத்துக்குப் பெரும் பகுதி காரணம் 2015 டிசம்பர் 1, 2 தேதிகள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியில் இருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர். அடையாற்றின் இரு கரைகளிலும் வீடுகளின் முதல் மாடி வரை வெள்ளம். விமான நிலையம் மூடிக்கிடந்தது. தி இந்து ஆங்கில நாளிதழ் தன் நெடிய வரலாற்றில் முதல் முறையாகச் சென்னையில் ஒரு நாள் அச்சாகவில்லை. அந்த வெற்றிடத்தில் ஹேஷ்டேக்குகள்தான் நகரத்தின் செய்தித்தாளாக இருந்தன.

ஆனால் அப்போது உண்மையில் வேலை செய்தது ஹேஷ்டேக் அல்ல. அதற்குப் பின்னால் இருந்த எக்செல் வகை அட்டவணை. யாருக்கு உதவி தேவை, யாரிடம் படகு இருக்கிறது, எந்த வீட்டில் பத்துப் பேர் தங்க இடம் இருக்கிறது என்று தன்னார்வலர்கள் கூகுள் ஷீட்டில் வரிசை வரிசையாக ஏற்றினார்கள். அதில் கணிசமானவர்கள் சென்னையிலேயே இல்லை; கரண்ட் இருக்கிற ஊர்களில், சிலர் கடல் கடந்து, உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்தது சலிப்பான வேலை: எண்ணுக்கு அழைப்பது, உண்மையா என்று கேட்பது, முடிந்துவிட்டால் அந்த வரியின் நிறத்தை மாற்றுவது. கட்டுப்பாட்டு அறை செய்ய வேண்டியதை ஆர்வலர்கள் செய்தார்கள். அதைப் பார்த்தவர்கள் சமூக ஊடகம் காப்பாற்றியது என்று நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

2018 ஆகஸ்டில் கேரளா இதை ஒரு படி மேலே கொண்டுபோனது. தகவல் தொழில்நுட்ப ஆர்வலர்கள் கட்டிய 'கேரளா ரெஸ்க்யூ' தளத்தை மாநில அரசே ஏற்று நடத்தியது. கோரிக்கைகள் குவிந்தன, மீட்கப்பட்ட பிறகும் சுற்றிக்கொண்டிருந்த பழைய கோரிக்கைகளைக் கழிப்பதே அங்கே தனி வேலையாகிவிட்டது. படகோடு வந்து வீடு வீடாகப் போய் ஆட்களை ஏற்றியவர்கள் மீனவர்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒரு சரியான முகவரியும் வழிகாட்ட ஓர் உள்ளூர் ஆளும்தான்.

2021 ஏப்ரல், மே மாதங்களில் கொரோனா இரண்டாம் அலையில் இதே முறை ஆக்சிஜனுக்கும் படுக்கைக்கும் போனது. 'சரிபார்க்கப்பட்டது' என்று நேரத்தோடு குறிப்பிடும் வழக்கம் பரவலானது அப்போதுதான். காலை பத்து மணிக்கு இருந்த சிலிண்டர் பதினொரு மணிக்கு இருக்காது என்பதை எல்லாரும் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். உத்தரப் பிரதேசத்தில் ஆக்சிஜன் கேட்டுப் பதிவு போட்ட ஒருவர் மேல் வழக்கே பதிவானது. அந்தச் சூழலில் ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: மக்கள் தங்கள் குறையைச் சமூக ஊடகத்தில் சொல்வதை ஒடுக்கினால் அதை நீதிமன்ற அவமதிப்பாக எடுத்துக்கொள்வோம்.

முதலையும் சிங்கமும்

நம்பிக்கை எப்படி நகர்கிறது என்பதற்குச் சென்னையில் நல்ல உதாரணம் முதலை. 2015 வெள்ளத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலை வடநெம்மேலியில் உள்ள முதலைப் பண்ணையில் இருந்து முதலைகள் தப்பி ஊருக்குள் வந்துவிட்டன என்று ஒரு வதந்தி. ஒன்றுகூடத் தப்பவில்லை என்று பண்ணை மறுப்புச் சொல்ல வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு ஜப்பானில் குமமோட்டோ நிலநடுக்கத்தின்போது உயிரியல் பூங்காவில் இருந்து சிங்கம் தப்பிவிட்டது என்று ஒருவர் தெருவில் சிங்கம் நிற்கும் படத்தைப் போட்டார்; பின்னால் கைதானார். பேரிடர் வந்தால் மிருகம் வெளியே வரும் என்ற கற்பனை ஊருக்கு ஊர் ஒன்றுதான் போலிருக்கிறது.

சரி, 2023 மிக்ஜாமுக்கு வருவோம். பெருங்களத்தூர், நெடுங்குன்றம் பக்கம் இரவில் ஒரு முதலை சாலையைக் கடக்கும் வீடியோ வந்தது. 2015 நினைவு உள்ளவர்களுக்கு, ஆரம்பிச்சாச்சுடா என்றுதான் தோன்றியிருக்கும். ஆனால் இந்த முறை அது நிஜ முதலை. சுற்றுச்சூழல், வனத்துறையின் கூடுதல் தலைமைச் செயலராக இருந்த சுப்ரியா சாகு அதே எக்ஸ் தளத்தில் விளக்கம் தந்தார்: சென்னையின் சில நீர்நிலைகளில் முதலைகள் இருக்கின்றன, கூச்ச சுபாவம் உள்ளவை, ஏரி நிரம்பியதால் வெளியே வந்திருக்கிறது, சீண்டாமல் விட்டால் பயமில்லை. 'வதந்திகளை நம்ப வேண்டாம்' என்ற வழக்கமான ஒற்றை வரி அங்கே உதவியிருக்காது. நடந்ததை ஒப்புக்கொண்டு, காரணம் சொல்லி, என்ன செய்ய வேண்டும் என்று சொன்னதால் அது எடுபட்டது.

வானிலையிலும் இதே கதைதான். தமிழ்நாடு வெதர்மேன் என்ற பெயரில் எழுதும் பிரதீப் ஜான் அரசு வானிலை அதிகாரி அல்ல. ஆனால் மழை இரவுகளில் அவர் பதிவுக்காகக் காத்திருக்கிறவர்கள் ஏராளம். ஊர்ப் பெயர் சொல்லி எழுதுகிறார், பயப்படத் தேவையில்லை என்றால் அதையும் சொல்கிறார், பேச்சுத் தமிழுக்கும் அவருக்கும் தூரமில்லை. 'ஓரிரு இடங்களில் மிதமானது முதல் கனமழை' என்கிற மொழி அறிவியல்ரீதியாகச் சரியானது. ஆனால் வேளச்சேரியில் காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தலாமா என்று யோசிக்கிறவருக்கு அது பதில் இல்லை. மக்கள் சமூக ஊடகத்தை நம்புகிறார்களா என்று கேட்பதைவிட, அதில் யாரை நம்புகிறார்கள் என்று கேட்டால் தெளிவான விடை கிடைக்கும்.

அரசின் பக்கத்துப் பயம்

வதந்தியால் ஆள் சாகும் என்பது கற்பனை அல்ல. 2018-ல் குழந்தை கடத்தல் வதந்திகளால் தமிழ்நாட்டிலும் பிற மாநிலங்களிலும் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்ட பிறகுதான் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஒரே நேரத்தில் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி மாற்றியது. 2005-ன் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 54-வது பிரிவில், பீதியைக் கிளப்பும் பொய் எச்சரிக்கைக்கு ஓராண்டு வரை சிறை என்று இருக்கிறது.

பயம் முற்றினால் மொத்தமாக அணைத்துவிடுவதுதான் அடுத்த கட்டம். 2018 மே மாதம் தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் நிறுத்தப்பட்டது. இலங்கையில் 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஒரு வாரத்துக்கு மேல் ஃபேஸ்புக், வாட்ஸ்அப் முடக்கம். இனக் கலவரத்தின் நினைவு ஆறாத நாட்டில் அதை வரவேற்றவர்களும் உண்டு. உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல் தவித்தவர்களும் உண்டு. 2022 ஏப்ரல் 3 அன்று பொருளாதார நெருக்கடிப் போராட்டத்தை ஒட்டி மறுபடி முடக்கினார்கள். அன்று நடந்ததுதான் வேடிக்கை. அப்போது அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ச, ஜனாதிபதியின் அண்ணன் மகன், தானே விபிஎன் (தடையைச் சுற்றிப் போகும் இணைப்பு) வழியாகத்தான் இதை எழுதுவதாகவும், இப்படிப்பட்ட தடைகள் பயனற்றவை என்றும் ட்விட்டரில் பதிவிட்டார். அன்றே தடை நீங்கியது.

2015-ல் இருந்த ட்விட்டர் இப்போது இல்லை

பலர் கவனிக்காத மாற்றம் இது. 2015 டிசம்பரில் ட்விட்டரில் பதிவுகள் நேர வரிசையில் வந்தன, புதியது மேலே. சில வாரங்கள் கழித்து, 2016 பிப்ரவரியில்தான் எது மேலே வர வேண்டும் என்று கணிநிரல் தீர்மானிக்கும் முறை வந்தது. இன்று நீங்கள் தேடினால் முதலில் வருவது அதிகம் பகிரப்பட்டது. அதிகம் பகிரப்பட்டது பெரும்பாலும் பழையது. பிரபலமானவர் போட்டது என்றால் இன்னும் மேலே. காரப்பாக்கம் சண்டையின் வேர் ஓரளவு இங்கேதான்: படகு யாருக்கு முதலில் வந்தது என்பது நமக்குத் தெரியாது, யாருடைய பதிவு முதலில் கண்ணில் பட்டது என்பது மட்டும் தெரியும்.

அப்புறம் காசு. 2023-ல் எக்ஸ் தளம் பார்வைகளுக்கு ஏற்ப விளம்பர வருமானத்தில் பங்கு கொடுக்கத் தொடங்கியது. 2024 ஜனவரி 1 அன்று ஜப்பானின் நோட்டோ தீபகற்பத்தில் நிலநடுக்கம் வந்தபோது அதன் விளைவு தெரிந்தது. இடிபாட்டில் சிக்கியிருக்கிறேன் என்று ஒருவர் எழுதியதை அப்படியே நகலெடுத்துப் பல கணக்குகள் பார்வைக்காகப் போட்டன. பொய்யாக உதவி கேட்ட ஒருவர் பின்னர் கைது செய்யப்பட்டார். அதே நாளில், ஜப்பானில் லட்சக்கணக்கானோர் பின்தொடரும் நெர்வ் என்ற பேரிடர் எச்சரிக்கைக் கணக்கால் தொடர்ந்து பதிவிட முடியவில்லை. தானியங்கிப் பதிவுகளுக்கு எக்ஸ் விதித்திருந்த உச்சவரம்பைத் தொட்டுவிட்டது.

எச்சரிக்கை வேலைக்காவது இந்தத் தளங்களை நம்பியிருக்க வேண்டாம் என்றால் அதற்கு ஒரு வழி செல் பிராட்காஸ்ட். 2023 அக்டோபரில் தமிழ்நாட்டில் பலருடைய கைப்பேசிகள் திடீரென்று அலறி அதிர்ந்தனவே, அதுதான். குறுஞ்செய்தி ஒவ்வோர் எண்ணாகப் போகும். இது ஒரு டவரின் எல்லைக்குள் இருக்கிற எல்லாப் போனுக்கும், எண்ணே தெரியாமல், ஒரே வீச்சில் போகும். நெரிசலில் சிக்காது. ஆனால் இது ஒருவழிப் பாதை. பதில் சொல்ல முடியாது.

பதிவே வராத இடம்

மிக்ஜாமுக்குப் பன்னிரண்டு நாள் கழித்து, 2023 டிசம்பர் 17, 18-ல் தென் மாவட்டங்களில் பேய்மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் இரண்டு நாள் சிக்கினார்கள். சென்னைக்கு வந்த அளவு பதிவுகள் அங்கிருந்து வரவில்லை. கரண்டும் டவரும் போன தாமிரபரணிக் கரைக் கிராமங்களில் இருந்து எப்படி வரும்?

பதிவுகளின் எண்ணிக்கையை வைத்துப் பாதிப்பை அளக்கிற பழக்கம் செய்தி அறைகளுக்கும் வந்துவிட்டது, சில அலுவலகங்களுக்கும் வந்திருக்கும். அந்தக் கணக்கில் ஸ்மார்ட்போன் இல்லாத முதியவர், தமிழில் தட்டச்சு செய்யத் தெரியாத கூலித் தொழிலாளி, டவர் சாய்ந்த ஊர் மூன்றும் பூஜ்யம். பத்திரமாக இருப்பவர்களும் பதிவிடுவதில்லை, மோசமாக மாட்டிக்கொண்டவர்களும் பதிவிடுவதில்லை. நடுவில் இருப்பவர்களின் குரல்தான் நமக்குக் கேட்கிறது.

பதிவு போடத்தான் வேண்டும் என்றால்

1. முதலில் அழைப்பு. 112 பொது அவசர எண், 1070 மாநிலக் கட்டுப்பாட்டு அறை, 1077 மாவட்டம், 1913 சென்னை மாநகராட்சி, 108 ஆம்புலன்ஸ். எடுக்கவில்லை என்றால் குறுஞ்செய்தியோ வாட்ஸ்அப்போ போகிறதா என்று பாருங்கள். மழைக்காலத்தில் கட்டுப்பாட்டு அறைகள் வாட்ஸ்அப் எண்ணும் வெளியிடுகின்றன. அதை இப்போதே போனில் சேமித்துக்கொள்வது நல்லது, தண்ணீர் வந்த பிறகு தேட முடியாது.

2. பதிவின் முதல் வரியில் தேதியும் மணியும். அடுத்து முழு முகவரி, அருகில் இருக்கும் கோயிலோ பள்ளியோ பேருந்து நிறுத்தமோ. எத்தனை பேர், எந்த மாடி, நடக்க முடியாதவர் உண்டா, எந்த மருந்து தீர்கிறது. படம் ஒன்று போதும். சிக்னல் குறைவாக இருந்தால் அதுவும் வேண்டாம்.

3. போன் எண்ணைப் பொதுவெளியில் போடுவதில் ஆபத்து உண்டு, குறிப்பாகப் பெண்களுக்கு. வெள்ளம் வடிந்த பிறகும் அழைப்புகள் நிற்காது. வெளியூரில் கரண்ட் இருக்கிற இடத்தில் உள்ள சொந்தக்காரரின் எண்ணைக் கொடுத்தால் உங்கள் பேட்டரியும் மிஞ்சும்.

4. இன்னொருவருடைய கூக்குரலைப் பகிரும் முன் அந்த எண்ணுக்கு ஒரு முறை அழையுங்கள். எடுக்கவில்லை என்றால், 'அழைத்தேன், எடுக்கவில்லை' என்று மணியோடு சேர்த்து எழுதிப் பகிரலாம். அந்த ஒரு வரி கட்டுப்பாட்டு அறைக்காரருக்குப் பத்து நிமிடம் மிச்சம்.

5. மீட்கப்பட்டதும் பதிவை முடித்துவையுங்கள். எக்ஸில் காசு கட்டாதவர்களால் பதிவைத் திருத்த முடியாது, ஆனால் அழிக்கலாம். அழித்தால் அதன் மறுபகிர்வுகளும் போய்விடும். ஸ்க்ரீன்ஷாட்டுகள் மட்டும் போகாது. ஆகவே அடுத்தவர் பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஸ்க்ரீன்ஷாட் எடுக்காமல் லிங்க்கை அனுப்புங்கள். அந்த வீட்டு ஆட்கள் கரையேறி, பதிவை அழித்த நிமிடத்தில் உங்கள் குழுவிலும் அது திறக்காமல் போகும்.